ரோமானியக் காசில் தோளைப் படித்தல்: எது மேலாடை, எது கவசம்?

கேள்வி சுருக்கமாக இது. மூன்றாம் கோர்டியன் காலத்து வெள்ளிக் காசுகள் இரண்டை வைத்திருக்கும் ஒருவர், இரண்டிலும் கதிர்முடி அணிந்த பேரரசர் வலப்புறம் பார்த்தபடி ஒரே மாதிரி இருந்தும், பட்டியல் ஒன்றில் "மேலாடையும் கவசமும்" என்றும் இன்னொன்றில் "மேலாடை" என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். மூன்றாவதாக ஒரு விற்பனையாளர் "பின்புறத் தோற்றம்" என்று வேறு சேர்த்திருக்கிறார். ஒருவர் உடுத்தியிருப்பதை இத்தனை விதமாகச் சொல்ல முடியுமா, அவற்றுள் எது சரி என்பதை நாமே பார்த்து எப்படி முடிவு செய்வது என்று கேட்கிறார்.

முடியும். அதற்கு முதலில் கண் போக வேண்டிய இடம் முகமல்ல, தோள். காசைக் கையில் எடுத்தவுடன் எல்லோரும் முகத்தைப் பார்க்கிறோம், பிறகு எழுத்தைப் படிக்கிறோம். முகமும் எழுத்தும் ஆள் யார் என்பதைச் சொல்லும். தலையில் சூடியிருப்பது பெரும்பாலும் காசின் மதிப்பையோ ஆளின் பதவியையோ சொல்லும். ஆனால் அவர் எந்தக் கோலத்தில் மக்கள் முன் நிற்கிறார், படைத்தலைவராகவா, கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியாளராகவா, தெய்வச் சாயல் கொண்டவராகவா என்பது கழுத்துக்குக் கீழே சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பகுதியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியில்தான் செதுக்குபவர் மிகவும் சுருக்கெழுத்தாக வேலை செய்வார்; காசு தேயும்போது முதலில் மங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இந்த இரண்டுமே காரணம்.

அடிப்படையான உடைகளை முதலில் தெரிந்துகொள்வோம். பேரரசர் படைத்தலைவராகத் தோன்றும்போது உடலில் மார்புக் கவசமும் அதன் மேல் பாலுடமென்டம் எனப்படும் மேலாடையும் அணிகிறார். இது தைத்த அங்கி அல்ல, ஒரு பெரிய துணி. அதை இடத்தோளின் மேல் போர்த்தி, இரு முனைகளையும் வலத்தோளில் ஒரு வட்டமான ஊக்கால் குத்திக்கொள்வார்கள். வாள் பிடிக்கும் வலக்கை தடையின்றி வெளியே வரவேண்டும் என்பதே அந்த ஊக்கு வலத்தோளில் இருப்பதற்குக் காரணம். ஊக்கு எப்போதும் வலத்தோளில்தான் என்ற இந்த ஒரே செய்தியை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

கவசத்துக்கு உள்ளே, தோளிலும் இடுப்பிலும் தொங்கும் தோல் வார்கள் தைத்த ஒரு சட்டை உண்டு. கிரேக்கத்தில் அந்த வார்களை இறகுகள் என்ற பொருளில் 'ப்டெருகெஸ்' என்பார்கள். காசில் இடுப்பு தெரியாது. ஆனால் தோளில் கவசம் முடியும் விளிம்பிலிருந்து மேற்கையின் மீது வரிசையாகத் தொங்கும் குட்டையான, இணையான வார்கள் தெரியும். இவைதான் நமக்கு மிக நம்பகமான சான்று. தோள்வார் இருந்தால் உள்ளே கவசம் உண்டு. மேலாடை மார்பு முழுவதையும் மூடியிருந்தாலும், கைமேல் நான்கைந்து வார்கள் எட்டிப் பார்த்தால் "மேலாடையும் கவசமும்" என்றே எழுத வேண்டும். வார்களே இல்லாமல், கையின் மேலும் துணி மடிப்புகளே தொடர்ந்தால் அது வெறும் மேலாடை. வார் இருந்த இடம் தேய்ந்துபோன காசில் கழுத்தடியைப் பார்க்கலாம்: கவசத்தின் கழுத்து விளிம்பு கெட்டியான, புடைத்த கோடாக, சில வேளைகளில் இரட்டைக் கோடாக இருக்கும், துணியின் கழுத்து நெகிழ்ந்து வளைந்து, கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும்.

இனி அந்தப் "பின்புறத் தோற்றம்". முகம் பக்கவாட்டில்தான் இருக்கிறது, பிறகு முன் என்ன பின் என்ன என்று கேட்பது நியாயம். முகம் முழுப் பக்கவாட்டில் இருந்தாலும் உடலை அப்படியே வைக்காமல், சற்று நம் பக்கம் திருப்பியோ நம்மிடமிருந்து விலக்கியோ செதுக்குவது ரோமானிய வழக்கம். வலப்புறம் பார்க்கும் உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பு நம் பக்கம் திரும்பியிருந்தால் பேரரசரின் வலத்தோள் நமக்கு இடப்பக்கத்தில் வரும். ஊக்கு அங்கே, பிடரிக்குக் கீழே முன்தள்ளி இருக்கும். மடிப்புகள் அந்த ஊக்கிலிருந்து விசிறி போல விரிந்து மார்பின் குறுக்கே நம் வலப்பக்கம் ஓடும். தோள்வார்கள் இடது கீழ் மூலையில் தெரியும். முதுகு நம் பக்கம் திரும்பியிருந்தால் எல்லாம் தலைகீழ். பேரரசரின் வலத்தோள் நமக்கு வலப்பக்கத்தில், மோவாய்க்குக் கீழே வரும். ஊக்கு அங்கே ஒரு சிறு குமிழாகத் தெரியும் அல்லது முற்றிலும் மறைந்திருக்கும். துணி அங்கிருந்து முதுகின் மேல் சரிந்து இடப்பக்கம் முழுவதையும் மூடும். வார்கள் வலது கீழ்ப்பக்கத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: இந்த மனிதர் இப்போது வலக்கையை நீட்டினால் அது எந்தப் பக்கத்திலிருந்து வரும்? விடை கிடைத்தவுடன் முன்னா பின்னா என்பது தானாக விளங்கிவிடும்.

என் முன்னால் இருக்கும் ஒரு கோர்டியன் காசையே பார்க்கிறேன். 22 மில்லிமீட்டர் விட்டம், 238க்கும் 244க்கும் இடைப்பட்டது. பத்து மடங்கு பெருக்கும் ஆடியில், ஒளியை இடப்பக்கம் மேலிருந்து தாழ்வாக விழவிட்டால், பிடரிக்குக் கீழே மிளகளவு கூட இல்லாத ஒரு வட்டப் புள்ளி தெரிகிறது. அதுதான் ஊக்கு. அதிலிருந்து ஐந்து மடிப்புகள் கிளம்புகின்றன. மேலிருப்பது தொண்டையை ஒட்டி வளைந்து மறைகிறது, கீழிருப்பது ஏறத்தாழ நேராக இறங்குகிறது. அந்தக் கடைசி மடிப்புக்கும் உருவம் வெட்டுப்படும் அடிவிளிம்புக்கும் இடையில், நெல்மணிகளை நெருக்கி அடுக்கியதுபோல் நான்கு சிறு வார்கள். ஒளியை நேர் மேலிருந்து விட்டால் இந்த நான்கும் காணாமல் போய், அந்த இடம் ஐந்தாவது மடிப்பின் தொடர்ச்சி போலவே தோன்றுகிறது. ஒரே காசை ஒருவர் கவசம் என்றும் இன்னொருவர் வெறும் மேலாடை என்றும் எழுதுவது எப்படி நேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இருவரும் கவனமில்லாதவர்கள் அல்லர், ஒளிதான் வேறு.

மேலாடை இல்லாமல் கவசம் மட்டும் அணிந்த உருவங்கள் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருகுகின்றன. அவுரேலியன், புரோபஸ் ஆகியோரின் காசுகளில் இவை மிகவும் சாதாரணம். இங்கே நாம் காண்பது பெரும்பாலும் உடலின் தசை வடிவத்தையே உலோகத்திலோ தோலிலோ வார்த்தெடுத்த வழுவழுப்பான மார்புக் கவசம். தோளின் மேல் ஒரு பட்டை முதுகுப் பலகையையும் மார்புப் பலகையையும் இணைக்கும். மார்பின் நடுவில் சில வேளைகளில் ஒரு சிறு முகம் இருக்கும். அது கிரேக்கப் புராணத்துப் பாம்புக் கூந்தல் அரக்கியான மெடூசாவின் தலை, எதிரியின் தீய பார்வையை விலக்குவதற்காக வைத்தது. நம் ஊரில் புது வீட்டின் முகப்பில் பூதமுகம் கட்டுகிறவர்களுக்கு இந்த எண்ணத்தை விளக்கத் தேவையில்லை. வேறு சில அச்சுகளில் கவசத்தின் பரப்பு மீன்செதில் போல வரிசை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்த அரைவட்டங்களால் நிரப்பப்பட்டிருக்கும், அது செதிற்கவசம். திரைப்படங்களால் நமக்குப் பழகிப்போன, விலா எலும்புபோல் இரும்புப் பட்டைகளை அடுக்கிய கவசத்தை இந்த முகப்புகளில் தேட வேண்டாம். அது படைவீரனின் உடை. ரோம் நகரிலுள்ள டிராஜன் தூணில் லெஜியன் என்ற படைப்பிரிவின் வீரர்கள் அதைத்தான் அணிந்திருக்கிறார்கள். பேரரசர் தன்னைக் காசில் காட்டிக்கொள்ளும்போது கிரேக்க மரபில் வந்த தளபதியின் கவசத்தையே அணிகிறார்.

முதல் இரண்டு நூற்றாண்டுகளில் நிலைமை வேறு. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் டெனேரியஸ் என்ற வெள்ளிக் காசுகளில் உடையே இல்லை: தலை, கழுத்து, அத்துடன் வெட்டு. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிப் புதையல்களில் கொத்துக்கொத்தாகக் கிடைத்தவை பெரும்பாலும் இவ்விருவரின் காசுகளே என்பதால், ரோமானியக் காசு என்றாலே வெறுங்கழுத்து என்ற பதிவு நம்மில் பலருக்கு உண்டு. 1898இல் புதுக்கோட்டைக்கு அருகே கிடைத்த 501 பொற்காசுகளும் அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலானவை. அவற்றுள் பெரும்பாலானவற்றில் தலையின் மேல் உளி வெட்டு இருக்கிறது. இந்தக் காலகட்டத்துக் காசுகளில் உடை விளக்கம் தேட வேண்டிய வேலை பெரிதாக இல்லை. ஆனால் நீரோவின் காலத்திலிருந்து கழுத்தின் வெட்டுமுனையில் சில சிறு சேர்க்கைகள் வரத் தொடங்குகின்றன. அவரது செப்பு, பித்தளைக் காசுகளில் கழுத்தின் நுனியில் ஒரு சிறு உருண்டை இருந்தால் அது லியோன் நகர அக்கசாலையின் (காசு அச்சடிக்கும் இடத்தின்) அடையாளம்; அது உடையல்ல, உலகக் கோளம். அதை ஊக்கு என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் காலகட்டத்துக் காசுகளில் பெரிதும் தவறாகப் படிக்கப்படுவது ஏஜிஸ். ஜுபிடருக்கும் மினர்வாவுக்கும் உரிய ஆட்டுத்தோல் காப்பு அது; விளிம்பெங்கும் பாம்புகள், நடுவில் மெடூசா முகம். அதைப் பேரரசர் அணிவது தெய்வத்தின் காவலைத் தாம் தாங்கியிருப்பதாகச் சொல்வது. நீரோவிடம் இது உண்டு, மினர்வாவைத் தன் காவல் தெய்வமாகப் போற்றிய டொமிஷியனின் பெரிய பித்தளைக் காசுகளில் அடிக்கடி வரும், டிராஜனிடமும் உண்டு. காசில் இது கழுத்தின் அடியில், தொலைவில் உள்ள இடத்தோளின் மேல், கைக்குட்டை அளவுக்கே தெரியும். துணி மடிப்பு என்று எண்ணிக் கடந்துவிடுவது எளிது. துணியின் மடிப்புகள் ஒரே திசையில் ஓடும், அதன் விளிம்பு ஒழுங்காக முடியும். ஏஜிஸின் பரப்பில் செதில் போன்ற புள்ளிகளும், விளிம்பில் வாலை மடித்து நெளியும் ஓரிரு பாம்புகளும் இருக்கும். நல்ல நிலையிலுள்ள காசில் பிடரியின் பின்னால் ஒரு பாம்பு தனியாகத் தலை நீட்டுவதைக் காணலாம். அதைக் கண்டுவிட்டால் வேறு சான்று வேண்டாம்.

டிராஜன், ஹாட்ரியன் காலத்தில் அடிக்கடி வரும் இன்னொன்று, மார்பும் தோளும் வெறுமையாக இருக்க, இடத்தோளில் மட்டும் ஒரு துண்டுத் துணி தெரியும் உருவம். இது உடை குறைந்த கோலமல்ல. கிரேக்க வீரர்களையும் தெய்வங்களையும் வெற்றுடம்பாகச் செதுக்கும் மரபிலிருந்து வந்த பெருமிதக் கோலம். ஹாட்ரியனின் ஆட்சித் தொடக்கத்துச் செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய பித்தளைக் காசுகள் சிலவற்றில் வெறும் மார்பின் குறுக்கே ஒரு பட்டை சாய்வாக ஓடும். அது வாள் தொங்கும் வார். அதைக் கவசத்தின் விளிம்பு என்று தவறாகக் கொள்வது எளிது. பட்டைக்கு மேலும் கீழும் தசையின் திரட்சி தொடர்கிறதா என்று பார்த்தால் போதும். இதே ஹாட்ரியன் காலத்திலிருந்துதான் மேலாடையும் கவசமும் அணிந்த முழு மார்புருவம் காசில் வழக்கமாகிறது. அடுத்து வந்த இரு நூற்றாண்டுகளில் அது மெல்ல மெல்லப் பெருகி, வெறுங்கழுத்து குறைந்தது.

ஆயுதமேந்திய உருவங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. காலியெனஸ், புரோபஸ், பிறகு கான்ஸ்டன்டைன் ஆகியோரின் காசுகளில் தலைக்கவசம், ஈட்டி, கேடயம் மூன்றும் சேர்ந்து வரும். இவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும்: மற்றக் காசுகளில் பெரும்பாலும் வலப்புறம் பார்க்கும் பேரரசர், கேடயம் ஏந்தும்போது பெரும்பாலும் இடப்புறம் திரும்பிவிடுகிறார். காரணம் எளிது. கேடயம் இடக்கையில் இருக்கும். இடப்புறம் பார்க்கும் உருவத்தில் இடத்தோளே நமக்கு அருகில் வருகிறது. எனவே கேடயத்தின் முகப்பு முழுவதும், அதன்மேல் செதுக்கிய குதிரைவீரனோ மெடூசாவோ உட்பட, நம் கண்ணுக்குக் கிடைக்கிறது. வலப்புறம் பார்த்தால் கேடயம் உடலுக்குப் பின்னே மறைந்திருக்கும். ஈட்டி வலக்கையில், வலத்தோளின் மேல் சாய்த்தோ முன்னே நீட்டியோ இருக்கும். இந்த வகையில் தலைக்கவசத்தின் மேல் கதிர்முடியும் சேர்ந்து வருவதுண்டு. புரோபஸின் இத்தகைய காசுகள் சிலவற்றில் முகப்பெழுத்தே அவர் பெயருடன் நின்றுவிடாமல் 'விர்டுஸ் ப்ரோபி', அதாவது புரோபஸின் வீரம், என்று தொடங்குகிறது. 318, 319ஆம் ஆண்டுகளில் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட, இரண்டு வெற்றித் தேவதைகள் கேடயத்தைப் பலிபீடத்தின்மேல் தாங்கும் சிறு காசுகளின் முகப்பிலும் உயர்ந்த தலைக்கவசமும் கவசமும் சாதாரணமாக வருகின்றன. விலை மலிவு, உடை தெளிவு என்பதால் பழகத் தொடங்குபவர்களுக்கு இவற்றையே பரிந்துரைப்பேன்.

கவசம் என்று பெரும்பாலோர் தவறாகப் படித்துவிடும் உடை ஒன்று இருக்கிறது. கான்சல் பதவியின் பூவேலை உடை. ட்ராபியா என்று பெயர். பேரரசர் அந்த ஆண்டுக்குக் கான்சலாகப் பொறுப்பேற்கும்போது அணிவது. புரோபஸ் 277 முதல் 282 வரையிலான ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை கான்சலானவர். இந்த உடையும் கையில் கழுகு அமர்ந்த செங்கோலும் கொண்ட அவரது காசுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. உடையின் பரப்பு முழுவதும் புள்ளிகள், சிறு வட்டங்கள், பூக்கள், கட்டங்கள். தேய்ந்த காசில் இது செதிற்கவசம் போலவே தோன்றும். பிரித்தறிய மூன்று வழிகள் உண்டு. ட்ராபியா உடலைச் சுற்றும் ஒரு அகலமான பட்டை. எனவே அலங்காரம் பட்டைக்குள் அடங்கி, பட்டையின் விளிம்போடு சேர்ந்து மடங்கும், ஒரு பட்டை இன்னொன்றின் மேல் குறுக்கே ஏறும். செதில்களோ உடல் முழுவதும் ஒரே சீராகப் பரவும். இரண்டாவது, ட்ராபியாவில் தோள்வார் கிடையாது, ஊக்கும் கிடையாது. மூன்றாவது கையில் இருக்கும் பொருள். ஈட்டியும் கேடயமும் கவசத்தோடு வரும்; கழுகுச் செங்கோலோ, விளையாட்டுகளைத் தொடங்கிவைக்க வீசும் மப்பா என்ற மடித்த துணியோ இருந்தால் அது கான்சல் உடை.

உடையைப் படித்தால் வரலாறு எவ்வளவு நெருக்கமாகத் தெரியும் என்பதற்கு டயோக்ளீஷியன் ஒருவரே போதும். 294ஐ ஒட்டி அவர் செய்த நாணயச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த பெரிய வெண்கலக் காசுகளில் அவர் முகம் சதுரமாக, தடித்த கழுத்தோடு, படைவீரனின் குட்டை முடியோடு இருக்கும். லண்டன், ட்ரியர், லியோன் போன்ற மேற்கு அக்கசாலைகள் பெரும்பாலும் கவசத்தோடு செதுக்கின; கிழக்கில் பெரும்பாலும் வெறுங்கழுத்து. 305 மே 1ஆம் தேதி, அதுவரை எந்த ரோமானியப் பேரரசரும் செய்யாததைச் செய்து, தம் விருப்பத்தோடு பதவியைத் துறந்தார். அதன் பிறகு அவர் பெயரில் வந்த காசுகளை எடுத்துப் பாருங்கள். முகம் அதே முகம். எழுத்து அவரை 'மிகவும் பேறுபெற்ற மூத்த அகஸ்டஸ்' என்கிறது; அகஸ்டஸ் என்பது இங்கே பேரரசருக்குரிய பட்டம். ஆனால் தோளில் கவசம் இல்லை. பூவேலை செய்த ட்ராபியா கனமாக மடிந்து மார்பை மூடுகிறது. ஒரு கையில் ஒலிவக் கிளை, மறு கையில் மப்பா. பின்பக்கத்து எழுத்தில் ஓய்வைக் குறிக்கும் 'குவியெஸ்' என்ற சொல் இருக்கிறது. இருபது ஆண்டுகள் படை நடத்திய மனிதர் படையை விட்டுவிட்டார் என்பதைப் பேரரசின் கடைசி மூலை வரை உள்ள மக்களுக்குச் சொல்ல, செதுக்குபவர் மாற்றியது தோளைத்தான். இந்தக் காசைக் "கவசமணிந்த உருவம்" என்று பட்டியலிட்டால் அதன் உயிரே போய்விடும். அதனால்தான் இந்த வேறுபாடுகளில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

தலையணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாகைமாலை போல இலைகள் தொடுத்து, பிடரியில் நாடாவால் முடிந்திருப்பது லாரல் மாலை. அது அகஸ்டஸ் பட்டத்துக்கு உரியது. இரண்டாம் நூற்றாண்டில் வெறுந்தலையோடு, மேலாடை அணிந்து வரும் இளைஞர் பெரும்பாலும் வாரிசுக்குரிய சீசர் பட்டம் மட்டும் பெற்ற இளவரசர். கூர்முனைகள் கொண்ட கதிர்முடி, நீரோ காலம் முதல், ஆஸ் என்ற செப்புக் காசு இரண்டின் மதிப்புள்ள டுபோண்டியஸையும், 215இல் கராகல்லா அறிமுகப்படுத்திய ஆன்டோனினியானஸ் என்ற வெள்ளிக் காசையும் குறிக்கும். அரசியரின் ஆன்டோனினியானஸில் அதற்கு ஈடாக மார்புருவத்தின் அடியில் பிறை இருக்கும். கராகல்லா என்பதே அவர் விரும்பி அணிந்த, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டு அங்கி ஒன்றின் பெயரால் வந்த பட்டப்பெயர். ஆனால் காசில் அவர் தோளில் இருப்பது வழக்கமான பாலுடமென்டம்தான். சிங்கத்தோலைத் தலையில் கவிழ்த்து, முன்னங்கால்களைக் கழுத்தில் முடிந்திருப்பது ஹெர்குலிஸ் கோலம். 191, 192இல் கொமோடஸ் இப்படி வருகிறார். தலையை முக்காடு மூடினால், ஒன்று பூசாரிக் கோலம், அல்லது இறந்து தெய்வமானவர், கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் முக்காட்டோடு வருவதும், 337இல் இறந்த கான்ஸ்டன்டைன் முக்காட்டோடு வருவதும் ஒன்றல்ல. நெற்றியைச் சுற்றிக் கட்டிய பட்டம் 324க்குப் பின் கான்ஸ்டன்டைனிடம் தொடங்கி, பிறகு எல்லாப் பேரரசர்க்கும் நிலைத்துவிட்டது; முதலில் வெறும் நாடா, பிறகு முத்தும் மணியும் கோத்தது. பெண்களின் உருவங்களில் உடை பெரிதாக மாறுவதில்லை, நீண்ட அங்கியும் அதன்மேல் போர்வையும்தான். அங்கே காலத்தைச் சொல்வது கூந்தல்.

நெற்றிப்பட்டம், மேலாடை, கவசம் என்ற இந்த மூன்றும் சேர்ந்த கோலமே நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறு வெண்கலக் காசுகளில் மாறாமல் வருவது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருப்பவை இந்த வகைதான். 15 மில்லிமீட்டருக்கும் குறைவான இந்தக் காசுகளில் எழுத்து பெரும்பாலும் அழிந்திருக்கும். ஆயினும் முத்துக் கோத்த பட்டத்தின் இரட்டை வரிசைப் புள்ளிகளும் வலத்தோளின் ஊக்குப் புள்ளியும் எஞ்சியிருந்தால், காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். இவற்றைப் பார்த்து இலங்கையில் உள்ளூரிலேயே அச்சடித்த போலிவடிவங்களும் உண்டு. அவற்றில் ஊக்கு வெறும் புள்ளியாகவும் மடிப்புகள் நான்கைந்து இணைகோடுகளாகவும் மாறிவிடுகின்றன. எதைச் செதுக்குகிறோம் என்று தெரியாமல், பார்த்த வடிவத்தை மட்டும் கை பின்பற்றியிருக்கிறது. உடையின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது, அசலையும் உள்ளூர் ஆக்கத்தையும் பிரிக்க உதவும். 330இல் தொடங்கிய ரோம் நகரக் காசுகளில் தலைக்கவசத்தோடு இடப்புறம் பார்க்கும் உருவத்தைப் பேரரசர் என்று எண்ணுபவர்கள் உண்டு. அது ரோமா தேவி, தோளில் இருப்பது பேரரசர்க்குரிய போர்வை.

பொற்காசான சொலிடஸில், நான்காம் நூற்றாண்டின் நடுவில் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் ஏறத்தாழ நேராக நம்மைப் பார்க்கும் உருவம் வருகிறது: தலைக்கவசம், கவசம், தோளுக்குப் பின்னால் செல்லும் ஈட்டி, இடத்தோளை மறைத்த கேடயத்தில் குதிரைவீரன். இந்தக் கோலம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நீடித்தது. ஜஸ்டினியன் தம் ஆட்சியின் நடுவில் ஈட்டியை எடுத்துவிட்டுச் சிலுவை பொருந்திய கோளத்தைக் கையில் ஏந்தினார். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஜஸ்டினியன், மணிகள் பதித்த நீண்ட பட்டையை உடலில் சுற்றிய லோரோஸ் கோலத்தில் வருகிறார்; அது பழைய ட்ராபியாவின் வழிவந்ததுதான். படைத்தலைவரின் கவசம் பின்வாங்கி, கான்சலின் உடை அரச உடையாக நிலைபெற்றதை இந்தக் காசுகளில் வரிசையாகக் காணலாம்.

நடைமுறைக்கு வருகிறேன். காசை ஒரே ஒளியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விளக்கை அசைக்காமல் காசை மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள், தோள்வார்கள் எங்காவது ஒரு கோணத்தில் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். அப்படியும் தெரியவில்லை என்றால், அதே அச்சிலிருந்து வந்த வேறொரு காசின் படத்தைத் தேடுங்கள். அச்சு ஒன்றானால் உடையும் ஒன்றே. உங்கள் காசில் தேய்ந்தது அதில் எஞ்சியிருக்கலாம். பெரிய பித்தளைக் காசுகளை வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. தேய்ந்த காசின் மேலாடை மடிப்புகளையும் தோள்வார்களையும் இக்காலத்தில் ஊசிமுனையால் மீண்டும் கீறித் தெளிவாக்கி விற்பதுண்டு. அப்படிக் கீறியவர் உடையின் அமைப்பை அறிந்திருப்பதில்லை. மடிப்புகள் ஊக்கிலிருந்து கிளம்பாமல் எங்கோ தொடங்கினாலோ, வார்கள் கவசத்தின் விளிம்பில் தொடங்காமல் துணியின் நடுவிலிருந்து தொங்கினாலோ, முகத்தின் முடி மழுங்கியிருக்க மடிப்புகள் மட்டும் கூர்மையாக இருந்தாலோ, வாங்காமல் வைத்துவிடுங்கள்.

பட்டியல்களைப் பொறுத்தவரை, பழைய பட்டியல்களில் "மேலாடை" என்பது பல இடங்களில் மேலாடையும் கவசமும் சேர்ந்ததைக் குறித்தது. முன்புறம் பின்புறம் என்ற பிரிவை அவை பொருட்படுத்தவில்லை. பிற்காலப் பட்டியல்கள் மார்புருவ வகைகளுக்கு எழுத்துக் குறியீடுகள் தருகின்றன; ஆனால் அவை நூலுக்கு நூல் மாறுவதால், ஒரு நூலின் குறியை இன்னொன்றில் வைத்துப் படிக்கக் கூடாது. எனவே உங்கள் இரண்டு கோர்டியன் காசுகளில், பட்டியல் என்ன சொல்கிறது என்பதை ஒதுக்கிவைத்து, முதலில் ஊக்கைத் தேடுங்கள். அது பிடரிப் பக்கம் இருந்தால் முன்புறத் தோற்றம், மோவாய்ப் பக்கம் இருந்தால் பின்புறத் தோற்றம். பிறகு அதே பக்கத்துக் கைமேல் வார்களைத் தேடுங்கள். வார் தெரிந்தால் கவசம் என்று எழுதுங்கள். அந்த இடம் முற்றிலும் தேய்ந்திருந்தால், "மேலாடை, கவசப் பகுதி தேய்ந்துள்ளது" என்று எழுதுங்கள், உங்களுக்குப் பின் அந்தக் காசைக் கையில் எடுப்பவருக்கு எங்கே மீண்டும் பார்க்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.